பின்சீட் பரீத்

டீ வருவதற்குள் சேக் பரீத் மூன்று வண்டிகளின் பின்சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டார். மூன்றும் யார் யாருடையவோ வண்டிகள். முதலாவதை அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதுக்குத் தலையை ஆட்டினார். மூன்றாவது வண்டிக்காரன் பெட்டிக்கடையிலிருந்து ஓடி வந்து, "என்ன பாய், சந்தையில மாடா பிடிக்கிறீக?" என்று கேட்டான். "மாட்டுக்குப் பல்லைப் பாக்கணும். வண்டிக்கு இங்கனதான்" என்றவர், இன்னொரு தடவை அமுக்கிவிட்டு, "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றார். ஆகவில்லைதான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து டீ மாஸ்டர் சிரித்ததில் ஒரு கிளாஸ் வழிந்தது.

கம்பத்தில் பரீத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கட்டைவிரல் படாத வண்டி குறைவு. தேனி ரோட்டில் உரக்கடையை ஒட்டி, ஷட்டர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும் சின்னக் கடை. பலகையில் 'ஹுஸ்னா சீட் ஒர்க்ஸ்' என்று மகள் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ஊர் அதைப் படிப்பதில்லை. 'பின்சீட் பாய் கடை' என்றுதான் வழி சொல்லும். உள்ளே ரெக்சின் சுருள்கள், ஸ்பாஞ்சுப் பாளங்கள், தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒட்டுப்பசை வாசனை, கொக்கியில் தோலுரித்துத் தொங்கும் சீட்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் கறிக்கடை என்றே நினைக்கத் தோன்றும். முன்சீட் வேலையையும் அவர்தான் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றும் கிடையாது. "முன்னால உக்கார்றவன் எப்படியும் உக்காந்துருவான். அவன் வண்டி, அவன் தலையெழுத்து. பின்னால ஏறுறவகளுக்குத்தான் யோசிக்கணும்."

ஆள் ஒல்லி. கத்தரித்த தாடியில் கறுப்பைவிட வெள்ளைக்குத்தான் இப்போது மெஜாரிட்டி. மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடியை ஏற்றிவிட மறந்து, தலையை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். இடது தோள் வலது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லர் நாடாவை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டார். சின்ன வயசில் ஸ்பாஞ்சு மூட்டை சுமந்தது என்று பரீத் சொன்னார். ஸ்பாஞ்சு சுமந்து உலகத்தில் யாருக்காவது தோள் இறங்கியிருக்கிறதா என்று டெய்லர் யோசிக்கவில்லை.

வண்டிகளைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. ஷோரூம்காரர்கள் ஸ்போர்ட்ஸ் பைக் என்றும் குரூசர் என்றும் சொல்வதை அவர் சொல்லமாட்டார். அவருக்கு உலகத்தில் இரண்டே வண்டிகள்: குனியிற வண்டி, சாயிற வண்டி. "குனியிறவன் எங்கயோ போய்க்கிட்டிருக்கான். சாயிறவன் எங்கயிருந்தோ வந்துக்கிட்டிருக்கான். போறவனுக்கு அவசரம். வந்தவனுக்கு முதுகுவலி." இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை என்பது அவர் முடிவு. அந்த முடிவைத் தினமும் இரண்டு மணி நேரம் விளக்குவார்.

குனியிற வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உத்தமபாளையம் காலேஜில் படிக்கிறவர்கள், அல்லது படித்து முடித்ததாக வீட்டில் சொல்லியிருப்பவர்கள். டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் தூங்குகிறவனைப் போலக் கவிழ்ந்து ஓட்டுவார்கள். அந்த வண்டிகளில் பின்சீட் என்பது பரண் மாதிரி மேலே இருக்கும். அதை இன்னும் ஒரு அங்குலம் ஏற்றித் தரச் சொல்லி வருவார்கள். "பின்னால யாரும் உக்காரவே முடியாதுங்கிற மாதிரி இருக்கணும் பாய். ஆனா யாராச்சும் உக்காந்தா முன்னால சரியணும்" என்று ஒருவன் கேட்டான். ஒரே சீட்டில் துறவறமும் இல்லறமும் கேட்கிறான். பரீத் மறுக்காமல் தைத்துக் கொடுத்தார்.

அதே பையன், கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போக வேண்டிய வாரத்தில் திரும்ப வருவான். இப்போது பின்சீட்டில் பட்டுச்சேலை ஒருபக்கமாக உட்கார வேண்டும். அந்தப் பரணில் காக்கா உட்காரலாம், கல்யாணப்பெண் முடியாது. பரீத் நீளக் கத்தியை எடுத்து, ஸ்பாஞ்சை ஒரே இழுப்பில் மட்டமாகச் சீவுவார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மாப்பிள்ளை கட்டிங்'. வைகாசியிலும் ஆவணியிலும் கடை வாசலில் வெட்டித் தள்ளிய ஸ்பாஞ்சு குவிந்து கிடக்கும். தெருவில் வளர்கிற நாய்கள் அந்த மாதங்களில் நல்ல மெத்தையில் தூங்கும்.

சாயிற வண்டிக்காரர்கள் வேறு சாதி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், ஏலக்காய் கமிஷன்காரர், பிரமோஷன் வாங்கிய அரசு ஊழியர். காலை முன்னால் நீட்டி, கையை அகல விரித்து, வீட்டு வரவேற்பறையையே ரோட்டுக்குக் கொண்டு வந்துவிட்ட தோரணையில் வருவார்கள். "டீக்கடை வந்தா இவுக ஸ்லோ பண்ணுவாக, நாலு பேரு பாக்கட்டும்ண்டு. குனியிறவன் டீக்கடையைத் தாண்டினப்புறம்தான் முறுக்குவான், போயிட்டான்ண்டு நாலு பேரு சொல்லட்டும்ண்டு. ரெண்டு பேருக்கும் டீக்கடைதான் முக்கியம்" என்பார் பரீத்.

சித்தாந்தம் என்றால் அதைக் கெடுக்க ஒருவர் வர வேண்டும். சின்னமனூரில் வாழை மண்டி வைத்திருக்கும் ராஜமணி வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வண்டி மஞ்சள் நிறம், குனியிற ஜாதி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் அவர் கவிழ்ந்து வந்து இறங்கியதைப் பார்த்துப் பரீத் கத்தியைக் கீழே வைத்தார்.

"மாமா, வண்டியை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீகளா? பேரன் தேடப் போறான்."

"என் வண்டிதான் ராவுத்தரே. ஆடிக்காத்துல உத்தமபாளையம் தாண்டி இந்தப் பக்கம் வந்து பாத்திருக்கீகளா? நிமுந்து உக்காந்தா நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுது. நான் காத்துல விழுந்த வாழையைப் பாத்தே காலத்தை ஓட்டினவன். குனிஞ்சுட்டா அது பாட்டுக்கு மேல போயிருது."

"அப்ப அவசரம் இல்ல?"

"எனக்கென்ன அவசரம்? எங்க போனாலும் போன இடத்துல சும்மாதான் உக்காரப் போறேன்."

பின்சீட்டை என்ன செய்ய என்று பரீத் கேட்டார். எடுத்துவிட்டு, அந்த இடத்தை மேடாக மூடித் தைத்துவிடச் சொன்னார் ராஜமணி. "உங்க அக்கா இருந்தவரைக்கும் ஸ்கூட்டர் வச்சிருந்தேன். இப்ப யாரு ஏறப் போறாக? அது திறந்து கெடந்தா, வழியில கண்டவன் கைய காட்டுறான்." பரீத் அந்த வேலையை அன்றைக்கே முடித்துக் கொடுத்தார். ஆனால் அன்று மதியம் டீக்கடையில் சித்தாந்தம் பேசப்படவில்லை.

பரீத்தின் சொந்த வண்டி சாயிற வண்டி. கறுப்பு. மேகமலை எஸ்டேட்டில் இருந்த ஓர் ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு அந்த நாளில் போட்டிருந்த ரோட்டில் அதை ஓட்டியவருக்கு, கடைசியில் ரோட்டையும் பிடிக்கவில்லை, வண்டியையும் பிடிக்கவில்லை. பரீத்துக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப் போனது, தனக்காக அல்ல. மனைவி லத்திபாவுக்கு இடுப்பு வலி. அதில் ஏற்கெனவே இருந்த சின்ன முதுகுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் கையால் ஒரு சாய்மானம் செய்தார். ஒருபக்கமாக உட்காருகிறவர் இடது முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு திண்டு, பிடித்துக்கொள்ள ஒரு வளைவு, இடுப்பு படும் இடத்தில் மட்டும் மெத்தென்று இரட்டை ஸ்பாஞ்சு. மெரூன் ரெக்சின், ஓரத்தில் வெள்ளைத் தையல். அவர் வாழ்க்கையில் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான் என்று தொழில் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். போடியிலிருந்து ஒருவர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்னால் அவர் வைத்திருந்தது ஓர் ஆர்எக்ஸ் ஹண்ட்ரட். அந்த நாளில் அவரும் குனிகிறவர்தான். எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்னால் லத்திபா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். வண்டி போடும் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் காதருகே குனிந்து கத்திக் கத்தியே பேசிக்கொண்டு வருவார்: அரிசி தீர்ந்தது, ஹுஸ்னாவுக்குப் பல் விழுந்தது, அடுத்த வீட்டில் சண்டை, மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க. கடமலைக்குண்டு சந்தைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு வாரத்துக் கதை முடிந்திருக்கும். ஏறி உட்கார்ந்ததும் வலது கையால் பரீத்தின் இடது தோளில் இரண்டு தட்டு. போகலாம் என்று அர்த்தம். தட்டிய கை பிறகு அங்கேயே இருக்கும். வளைவுகளில் அழுத்தும். பள்ளங்களில் நகம் பதியும்.

சாயிற வண்டியில் தட்டத் தேவையில்லை. முதல் தடவை ஏறியபோது லத்திபா இடது முழங்கையைத் திண்டில் ஊன்றினார், வளைவைப் பிடித்தார், சாய்ந்தார். "அடியாத்தா, கட்டில் மாதிரியில்ல இருக்கு" என்றார். பரீத்துக்குப் பெருமை தாங்கவில்லை. லத்திபாவின் வலது கை மடியில் கிடந்தது. வண்டியும் மெதுவாகத்தான் போயிற்று; மெதுவாகப் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காதுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு முழ தூரம் விழுந்துவிட்டது. ஊர் முழுக்கப் பின்சீட்டைப் பற்றிப் பேசுகிறவர், தன் பின்சீட்டிலிருந்து பேச்சு வருவது நின்றதைக் கவனிக்கவில்லை. இடுப்பு வலி குறைந்துவிட்டதா என்று மட்டும் கேட்பார். குறைந்துவிட்டது என்று பதில் வரும்.

போன வருஷம் குமுளியில் இருக்கும் மகள் ஹுஸ்னாவுக்கு இரண்டாவது பிரசவம். லத்திபா ஒத்தாசைக்குப் போனார். நாற்பது நாள் என்று போனது, குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. சண்டை ஒன்றும் கிடையாது. "சண்டைண்டா நாலு பேரை வச்சுச் சமாதானம் பண்ணலாம். இதுக்கு யாரை வைக்கிறது?" என்று டீ மாஸ்டரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார் பரீத். வெள்ளிக்கிழமை கடை லீவு. ஜும்மா முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு, கூடலூர் தாண்டி, லோயர் கேம்பில் மலையிலிருந்து இறங்கும் மின்நிலையத்து ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே, வளைவு வளைவாகக் குமுளிக்கு ஏறுவார். பேரனை மடியில் வைத்துக்கொள்வார். எப்ப வாற என்று கேட்பார்.

"புள்ளைக்குச் சளி" என்பார் லத்திபா. இன்னொரு வாரம், "மழை விடட்டும்." ஒரே ஒரு முறை சிரித்துக்கொண்டே, "அங்கன வந்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்று கேட்டார்.

"ஏன், வீடு இருக்குல்ல."

"வீடு இருக்கு" என்று லத்திபாவும் சொன்னார். பிறகு பேரனின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

திரும்பும்போது லத்திபா அவர் கையில் ஒரு டிபன் கேரியர் கொடுத்து அனுப்புவார். கீழ்த்தட்டில் கறிக்குழம்பு, நடுத்தட்டில் வறுவல், மேல்தட்டில் ஒரு வாரத்துக்குத் தாங்கும் ஏதாவது ஊறுகாய். அதைப் பின்சீட்டில் நிறுத்தி, சாய்மானத்தோடு சேர்த்து பெல்ட் போட்டுக் கட்டுவார்கள். லத்திபாவுக்கென்று அளவெடுத்துச் செய்த இடத்தில் கேரியர் சொகுசாகச் சாய்ந்துகொண்டு கம்பத்துக்கு இறங்கும்.

அந்த நேரம் ஏலத்தோட்ட வேலை முடிந்து பெண்களை ஏற்றி வரும் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கும். பரீத் உருட்டிக்கொண்டு போகும் வேகத்துக்கு எல்லா ஜீப்பும் அவரைத் தாண்டும். தாண்டும்போது ஏதாவது சொல்லாமல் தாண்டாது. அதிலும் மலையம்மாள் என்று ஒரு பெண். ஜீப்பின் பின்கதவில் தொங்கிக்கொண்டே கத்துவார்.

"ராவுத்தரே! மெத்தையும் திண்டுமா சும்மாதான போகுது? நான் ஏறிக்கிறட்டா?"

"அது ரிசர்வ் ஆத்தா!"

"யாருக்கு, கேரியருக்கா? குடுத்து வச்ச கேரியரு!"

ஜீப் முழுக்கச் சிரித்துக்கொண்டு வளைவில் மறையும். பரீத்தும் சிரிப்பார். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்திருப்பார், எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு சனிக்கிழமை ஹேமாவதி டீச்சர் கணவரோடு வந்தார். உத்தமபாளையத்தில் வேலை. கணவர் வேல்பாண்டி மின்வாரியத்தில் இருப்பவர். கல்யாணத்தின்போது குனியிற வண்டி வைத்திருந்தவர். பரீத்திடம் மாப்பிள்ளை கட்டிங் செய்துகொண்டவர். பிரமோஷன் வந்ததும் சாயிற வண்டிக்கு மாறி, பரீத்திடம் அதே மாதிரிச் சாய்மானமும் போட்டுக்கொண்டார். சித்தாந்தத்துக்குப் படம் போட்டால் அவர் படத்தைத்தான் போட வேண்டும். டீச்சர் வண்டியிலிருந்து இறங்கி, சாய்மானத்தைக் காட்டி, "பாய், இதைக் கழட்டி நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

"ஏன் டீச்சரம்மா, இடுப்புல இடிக்குதா?"

"இடுப்பு ராஜா மாதிரி இருக்கு. இவரைக் கேளுங்க என்ன பண்ணாருண்டு."

வேல்பாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"வீரபாண்டிக் கோயில் வாசல்ல தேங்காய் வாங்க இறங்குனேன் பாய். வாங்கிட்டுத் திரும்புறேன், ஆளைக் காணோம். நான் ஏறிட்டேன்னு நெனச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பழனிசெட்டிபட்டி வரைக்கும் போயிருக்காரு. சும்மாவும் போகல, என் தம்பி கல்யாணத்துக்கு என்ன செய்யிறதுண்டு என்கிட்ட பேசிக்கிட்டே போயிருக்காரு!"

"பதில் வரலையே, பாக்கலாம்ல?" என்று பரீத் வேல்பாண்டியைக் கேட்டார்.

"எப்பவுமே வர்றதில்லையே பாய்" என்றார் வேல்பாண்டி, உண்மையான வருத்தத்தோடு. "இந்த வண்டி வாங்கினதுலயிருந்து பின்னால சத்தமே இல்ல. நான் நிம்மதிண்டு நெனச்சேன்."

"பழைய வண்டியில தோள்ல தட்டினாத்தான் எடுப்பாரு" என்றார் டீச்சர். "இதுல எதுக்குத் தட்டணும்? நீங்கதான் கை வைக்க மெத்தை வச்சுக் கொடுத்துட்டீகளே. ஏறுறதும் தெரியல, இறங்குறதும் தெரியல. தேங்காய வச்சுக்கிட்டு, விட்டுட்டுப் போன புருசனுக்காக ரோட்டுல நிக்கிறேன். எல்லாரும் வேண்டுதல்னு நெனச்சுட்டுப் போறாக."

உரக்கடைக்காரர் வெளியே வந்து சிரித்தார். டீ கொண்டு வந்தவர் சிரித்தார். பரீத் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். வேல்பாண்டியும் கடைசியில் சிரித்துவிட்டார். சாய்மானத்தைக் கழற்றி முடித்தபோது எல்லோரும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். டீச்சர் ஏறி உட்கார்ந்து, வேல்பாண்டியின் தோளில் ஓங்கியே இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி போயிற்று. கழற்றிய சாய்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது போன திசையைப் பார்த்தபடி பரீத் வெகுநேரம் நின்றார். "என்ன ராவுத்தரே, உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாகளா?" என்று உரக்கடைக்காரர் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் யாருடைய பின்சீட்டையும் அமுக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று டீ மாஸ்டர் விசாரித்தார். குனிவது, சாய்வது பற்றி யாரோ வாயைக் கிளறியதற்கு, "எல்லாம் வண்டிதான்" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கடை அடைக்கும் முன் ஸ்பேனரை எடுத்துத் தன் வண்டியிடம் போனார். திருகுகள் துருவேறி வர மறுத்தன. மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, அந்த மெரூன் சாய்மானத்தைக் கழற்றினார். கடைக்குள் எங்கே வைத்தாலும் அது கண்ணில் பட்டது. ஸ்பாஞ்சுப் பாளங்களுக்குப் பின்னால் திருப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மலையேறினார். இத்தனை வாரமும் பின்னால் யாரும் இல்லைதான். அன்றைக்குத்தான் அது முதுகில் தெரிந்தது. லோயர் கேம்ப் தாண்டியதும் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். முதல் வளைவில் அது நீளமாக, நியாயமாக இருந்தது. மேலே போகப் போக ஒவ்வொரு வளைவிலும் ஒரு வார்த்தை விழுந்துகொண்டே வந்தது.

மருமகன் ஷானவாஸ் ஏலக்காய்க் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். "மாமா, பின்னால இருந்த கசேர எவிடப் போயி?" என்று பாதி மலையாளத்தில் அந்த நாற்காலியைக் கேட்டார். கழற்றிவிட்டேன் என்றார் பரீத். "நல்லா இருந்ததே" என்று சொல்லிவிட்டு ஷானவாஸ் கை கழுவப் போனார். பேரன் தாடியைப் பிடித்து இழுத்தான். டீ வந்தது. எப்ப வாற என்று அன்று பரீத் கேட்கவில்லை. கேட்காததை லத்திபா கவனித்ததாக ஹுஸ்னா பிற்பாடு சொன்னாள். டீ கிளாஸை எடுக்க வந்த அம்மா இரண்டு முறை வந்து, எடுக்காமலே போனாராம்.

கிளம்பும்போது லத்திபா கேரியரோடு வாசலுக்கு வந்தார். வழக்கம்போல அதைப் பின்சீட்டில் வைத்துச் சாய்க்கப் போனவர், சாய்க்க ஒன்றும் இல்லாததைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"எங்க அது?"

"கழட்டிட்டேன்."

"உடைஞ்சுருச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"பின்ன கேரியரு எதுல சாயும்?"

"சாயாது."

"ஹுஸ்னா அத்தா, கொழம்பு கொட்டிப் போயிரும்."

"ஆமா" என்றார் பரீத். மலை முழுக்க ஒத்திகை பார்த்ததில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "யாராச்சும் புடிச்சுக்கிட்டு வரணும்."

லத்திபா கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். திருகு இருந்த இடங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டைவிரலால் பின்சீட்டை அமுக்கினார். உதட்டைப் பிதுக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

"கம்பத்துக்கெல்லாம் இன்னைக்கு வர முடியாது" என்றார். "ராத்திரி புள்ள என்கிட்டதான் படுப்பான்."

"சரி."

"பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடை வரைக்கும் வாரேன். முட்டிவலி மாத்திரை தீந்துபோச்சு. அங்கன ஒரு கயிறு வாங்கிக் கட்டிக்கிட்டுப் போங்க."

மருந்துக்கடை நடக்கிற தூரம்தான். மாத்திரையை ஷானவாஸ் ராத்திரி கடை அடைத்து வரும்போது வாங்கி வரலாம். இரண்டையும் யாரும் சொல்லவில்லை. லத்திபா உள்ளே போய்ப் பர்தாவைப் போட்டுக்கொண்டு வந்தார். பரீத் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்தார். பின்னால் ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி நின்றது. கேரியர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி அடங்கின. கண்ணாடியில் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய இடது தோள் மட்டும், கை வருவதற்கு முன்பே, ஒரு விரற்கடை கீழே இறங்கிக் காத்திருந்தது.